காவல்துறை ஏலத்தில் கார் வாங்குதல்

காவல் நிலையங்களின் மதிற்சுவரை ஒட்டி, வெயிலில் காய்ந்தும் மழையில் நனைந்தும் நிற்கும் கார்களை நேயர்கள் பலர் கண்டிருப்பார்கள். சக்கரத்தைச் சுற்றிக் கொடி படர்ந்திருக்கும். கண்ணாடியின்மேல் புழுதி படிந்திருக்கும். இவை எவ்வாறு அங்கே வந்தன, அவற்றை விலைக்கு வாங்க எண்ணுவோர் கருத வேண்டியவை யாவை என்பன பற்றி இன்று பேசலாம் என்று கருதுகிறேன்.

நம் மாநிலத்தில் இவ்வாறு ஏலத்துக்கு வரும் வண்டிகளிற் பல மதுவிலக்குக் குற்றங்களில் பிடிபட்டவை. 1937ஆம் ஆண்டில் இராஜாஜியின் ஆட்சிக் காலத்தில் சேலம் மாவட்டத்தில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்த மதுவிலக்குச் சட்டம், பெயரிற் சிறிது மாறி இன்றும் நின்று நிலவுகிறது. கள்ளச்சாராயமோ, வெளி மாநில மதுவோ ஏற்றிச் சென்ற வண்டியை அச்சட்டத்தின்படி அரசு பறிமுதல் செய்யலாம். உரிமையாளர்க்கு அறிவிப்பு அனுப்பி, அவர் கூறுவதைக் கேட்ட பின்னரே அது அரசின் உடைமையாகும். உரிமை கோருவார் எவருமின்றிக் கிடக்கும் வண்டிகளும் உண்டு. வழக்குக்குரிய வண்டிகளை ஆண்டுக்கணக்கில் நிலையங்களிலேயே போட்டு வைப்பதாற் பயனில்லை என்று குஜராத் வழக்கு ஒன்றில் 2002ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் எடுத்துரைத்தது. ஆயினும் பறிமுதலுக்கும் ஏலத்துக்கும் இடையே பல மாதங்கள், சிலபோது ஆண்டுகளே கழிந்துவிடுகின்றன. வாங்குவோர்க்குரிய தொல்லை பெரும்பாலும் அந்த இடைக்காலத்திற்றான் பிறக்கிறது.

ஓடாமல் நிற்பதாற் கார் கெடுவதில்லை என்று எண்ணுவோர் உளர். உண்மை இதற்கு நேர்மாறானது. மின்னேற்றம் இழந்து நெடுநாள் கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் கந்தகப் படிவு இறுகி, அது மீண்டும் உயிர் பெறாது போகிறது. தொட்டியிலுள்ள பெட்ரோல் நாளடைவிற் பிசினாகிக் குழாய்களை அடைக்கிறது. பிரேக் உறுப்புகளில் துரு ஏறுகிறது. எலிகள் மின்கம்பிகளைக் கடித்துவிடுகின்றன. இது சிறிய சேதம் போலத் தோன்றினும், பழுது பார்ப்போரிடம் விசாரித்தால் இதற்காகும் கூலியே மலைக்க வைக்கும். டயரைப் பொறுத்தமட்டில், பள்ளம் ஆழமாயிருப்பதை மட்டும் கண்டு மகிழ வேண்டா. அதன் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று பொறித்திருக்கும். 2319 என்றிருந்தால், 2019ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாம் வாரத்திற் செய்யப்பட்டது என்று பொருள். டயரின் வயதை அறிய இதனினும் எளிய வழி வேறில்லை.

ஏலத்துக்கு முன்னர் வண்டிகளைப் பார்வையிட நாள் குறிப்பார்கள். பெரும்பாலும் மாவட்ட ஆயுதப்படை மைதானத்தில் அவை வரிசையாக நிறுத்தப்பட்டிருக்கும். பார்க்கலாம், ஓட்டிப் பார்க்க இயலாது. உள்ளது உள்ளபடியே விற்பது ஏலத்தின் அடிப்படை விதி. பின்னர்ப் பழுது கண்டு முறையிட இடமில்லை. ஆகவே நல்ல மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுதல் இன்றியமையாதது. அவர் என்ஜினை ஆராயட்டும். வாங்குபவர் அடிச்சட்டத்தில் பொறித்த எண்ணையும் என்ஜின் எண்ணையும் தம் கைப்படக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். அவை பதிவு ஆவணத்தோடு பொருந்துகின்றனவா, கடன் நிலுவை ஏதும் பதிவாகியுள்ளதா, பதிவுக் காலம் எப்போது முடிகிறது என்பவற்றை விசாரித்தறிதல் வேண்டும். தனியார் காருக்குப் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். பின்னர் தகுதிச் சோதனைக்கு உட்படுத்திப் புதுப்பிக்க வேண்டும். சில வண்டிகள் உடைப்புக்கென்றே விற்கப்படும். அவற்றைச் சாலையில் ஓட்ட எண்ணி வாங்குவோர் இரும்பு வாங்கியவரே ஆவர். என் கருத்தில், தகட்டைத் தட்டிப் பார்ப்பதினும் தாளைப் புரட்டிப் பார்ப்பதே முதற் கடமை.

ஏலம் என்பது போர்த்துக்கீசியர் வழியாக நம்மிடம் வந்த சொல். ஏலம் கேட்கும் வேகமோ நம்முடைய சொந்தச் சரக்கு. ஆதார் அடையாளத்தைக் காட்டி முன்தொகை கட்டியவரே கேட்க முடியும். "ஒரு தரம், இரண்டு தரம்" என்று குரல் எழும்போது, அருகிலிருப்பவன் ஐந்நூறு ஏற்றினால் நாம் ஆயிரம் ஏற்ற வேண்டும் என்னும் வீம்பு நல்லவரையும் பற்றிக்கொள்கிறது. மளிகைக் கடைக்காரர் ஒருவர் மனைவியின் நகையை அடகு வைத்து 60,000 ரூபாயுடன் வருகிறார் என்று கொள்வோம். ஏலமும் 60,000 ரூபாய்க்கே படிகிறது. சரக்கு சேவை வரி 18 விழுக்காடு என்று அறிவிப்பில் இருக்குமானால், அவர் 70,800 ரூபாய் செலுத்தியாக வேண்டும். குறித்த நாளுக்குள் செலுத்தத் தவறினால் முன்தொகையும் கைவிட்டுப் போகக்கூடும். இழுவைக் கூலி, பேட்டரி, டயர், காப்பீடு, பழைய வண்டிக்குரிய பசுமை வரி ஆகியவை இன்னும் கணக்கில் ஏறவில்லை. இத்தனையையும் வீட்டிலேயே கூட்டி, கையிலுள்ள தொகையிலிருந்து கழித்து, மிஞ்சுவதையே தம் எல்லையாகத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு செல்வது நலம்.

ஏலம் எடுத்தவுடன் பணி முடிந்துவிடுவதில்லை. விற்பனையை உறுதி செய்யும் ஆணையையும், ஏலத்துக்கு அனுமதி அளித்த அரசாணையின் சான்றிட்ட படியையும் கேட்டுப் பெறுதல் வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, வண்டியைக் கைக்கொண்ட 30 நாளுக்குள் படிவம் 32 வழியாக வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு விண்ணப்பித்தாக வேண்டும். பதிவெண் பொய்யென்று காணப்பட்டாலும் அஞ்ச வேண்டியதில்லை. ஏலம் விட்ட அரசுத் துறையின் பெயரில் புதிய எண் வழங்கி, அதன்பின் வாங்கியவர் பெயருக்கு மாற்றிக் கொடுக்க விதியில் இடமிருக்கிறது.

வண்டியைப் பெற்ற மகிழ்ச்சியில் மைதானத்திலிருந்தே ஓட்டிச் செல்ல முனைவோரும் உண்டு. நெடுநாள் நின்ற வண்டிக்குக் காப்பீடு பெரும்பாலும் காலாவதியாகியிருக்கும். வழியில் ஒருவர் அடிபட்டால், அவர்க்குரிய இழப்பீடு முழுவதும் தம் தலையிலேயே விழக்கூடும். மலிவாக வாங்கிய காருக்காகக் குடியிருக்கும் வீட்டையே விற்க நேரிடலாம். ஆகையால், காப்பீடு கைக்கு வந்து, பெயர் மாற்றம் முடிந்து, பிரேக் பழுது பார்க்கப்படும் வரையில் அதனை இழுவை வண்டியில் ஏற்றியே கொண்டு செல்க.