பிறநாட்டிற் பிறந்தோரும் வம்சாவளிப் பிரசாவுரிமையும்

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டத்தை நம் ஆய்வாளர் பெரும்பாலும் மலையகத் தொழிலாளர் நாடற்றவராக்கப்பட்ட வரலாற்றோடு தொடர்புபடுத்தியே நோக்கியுள்ளனர். அது பொருத்தமானதே. ஆயின் அச்சட்டத்தின் உள்ளமைப்பிலே பிறிதொரு பண்பும் மனங்கொள்ளத்தக்கது. பிறந்த மண்ணையன்றித் தந்தையையே அது உரிமையின் ஊற்றாகக் கொண்டது.

1948 நவம்பர் 15இற்கு முன் இலங்கைக்கு வெளியே பிறந்த ஒருவர், தம் தந்தையும் தந்தைவழிப் பாட்டனும், அன்றேல் பாட்டனும் பூட்டனும், இலங்கையிற் பிறந்தோரென நிறுவவேண்டியிருந்தது. இறந்தவரின் பிறப்பை மெய்ப்பிக்கும் சுமை இவ்வாறு இருப்பவர்மேல் விழுந்தது. காணியுறுதிகளைத் தலைமுறையாகப் பேணிய குடும்பத்துக்கு இது பேரிடரன்று. லயத்து அறையொன்றன்றி வேறெதுவுமறியாத தொழிலாளிக்கோ ஏறத்தாழ இயலாதது. சட்டம் வர்க்கத்தைப் பெயர்சுட்டிக் கூறவில்லை. கூறவேண்டிய தேவையும் அதற்கு இருக்கவில்லை.

அத்திகதிக்குப் பின் வெளிநாட்டிற் பிறந்த பிள்ளைக்கு நிபந்தனை இரண்டு: பிறந்தவேளை தந்தை இலங்கைப் பிரசையாயிருத்தல், ஓராண்டுக்குள் பிறப்பைப் பதிதல். தகுந்த காரணமிருப்பின் கால எல்லையை நீடிக்க அமைச்சருக்கு அதிகாரமுண்டு. 2003ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தமே தந்தையின் இடத்திற் பெற்றோரை வைத்துத் தாயின் வழியையும் திறந்தது. அரைநூற்றாண்டுக்கு மேலான தாமதம் இது.

1983இன் பின் தமிழகத்து முகாம்களிற் பிறந்த பிள்ளைகளிடத்தே இவ்விதி கூர்மையடைகிறது. 1987 யூலை 1 முதல் இந்தியாவிற் பிறந்தமை மட்டும் இந்தியக் குடியுரிமை தருவதில்லை. எனவே பெற்றோரின் வழியே எஞ்சுகிறது. பெற்றோர் பின்னர் இறந்தமையால் உரிமை அழிவதில்லை என்பதை நாம் அழுத்திக்கூற வேண்டும். சட்டம் வினவுவது பிள்ளை பிறந்த கணத்தில் அவர்தம் நிலையையே. மரணத்தோடு அழிவது சான்று. இன்ன ஊரில், இன்ன ஆண்டிற் பிறந்தேன் என்று சொல்லிப் பதிவேட்டைத் தேடுவிக்கவல்லவர் இல்லாதுபோகிறார். பெற்றோரின் பிறப்பத்தாட்சிப் பத்திரம் இடம்பெயர்வில் தொலைந்திருப்பின், பெயரின் எழுத்து வேறுபாடொன்றே விண்ணப்பத்தைத் தடுத்துவிடலாம்.

மலையக வம்சாவளியினரான அகதிகளின் நிலை இதனினும் சிக்கலானது. பெற்றோரே பிரசைகளாயிராதவிடத்து அவர்வழி எதனைக் கோருவது? 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வதிந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரசாவுரிமை வழங்கிற்று. ஆனால் வழித்தோன்றலும் இலங்கையில் வதிபவராயிருத்தல் வேண்டுமென்றது. போரினால் இந்தியா சென்றோரை 2009ஆம் ஆண்டுத் திருத்தமே உள்ளடக்கியது. அவ்வாறு கோருவோர், மறைந்த தாயோ தந்தையோ அத்திகதியில் இங்கிருந்தமையைக் காட்டவேண்டும். தோட்டத்துப் பெயர்ப்பதிவேடுகளையன்றி அதற்கு எழுத்துச்சான்று அரிது. அத்தோட்டங்களோ 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் அரசிடமும், 1992இல் தனியார் முகாமைத்துவத்திடமும் கைமாறியவை.