'கால் மட்டும் நனைச்சுட்டு வர்றோம்!' - பீச்சுக்குக் கிளம்பும் முன் குடும்பத்தோடு படிக்க வேண்டிய விஷயங்கள்

காணும் பொங்கல் அன்று சென்னை மெரினாவுக்குப் போனவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம். மணலுக்குள் நுழையும் குழந்தைகளின் கையில் போலீஸார் ஓர் அடையாளப் பட்டையைக் கட்டிவிடுவார்கள். அதில் பெற்றோரின் செல்போன் எண் இருக்கும். தண்ணீருக்கு முன்னால் நீளமாகச் சவுக்குக் கட்டைத் தடுப்பு நிற்கும். 'கடலில் இறங்காதீர்கள்' என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

வருஷத்துக்கு ஒருநாள் இவ்வளவு ஏற்பாடு. மற்ற நாள்களில்? நம்மை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முழங்கால் அளவுதானே என்று நினைக்கிறீர்களா?

கடலில் சிக்கிக்கொள்பவர்கள் எல்லாரும் நீச்சலடிக்கப் போனவர்கள் அல்ல. 'கால் மட்டும் நனைச்சுட்டு வந்துடுறோம்' என்று போனவர்களும் அதில் உண்டு. அலை திரும்பும்போது காலுக்கு அடியில் இருக்கும் மணலையும் அரித்துக்கொண்டு போகும். நின்ற இடம் சட்டென்று பள்ளமாகும். பெரியவர்களே தடுமாறுவார்கள். குழந்தை விழுந்தால், எழுந்திருப்பதற்குள் அடுத்த அலை வந்துவிடும்.

இதைவிட ஆபத்தானது 'ரிப் கரன்ட்' எனப்படும் இழுவை நீரோட்டம். அலைகள் கரைக்குக் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் எப்படியும் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். மணல் திட்டுகளுக்கு நடுவே குறுகலான வழி கிடைத்தால், அத்தனை தண்ணீரும் அந்த வழியே ஆறுபோலப் பாயும். வேகம் அதிகமானால் நீச்சல் வீரராலும் அதை எதிர்த்து நீந்த முடியாது.

இதில் ஏமாற வைக்கும் விஷயம் ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் மட்டும் அலையில்லாமல், கொஞ்சம் கருத்த நிறத்தில் தண்ணீர் அமைதியாகத் தெரியும். 'இங்கே அலை கம்மி, குழந்தைங்களை இறக்கலாம்' என்று தோன்றும். இழுவை ஓடுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். எனவே, கடற்கரைக்குப் போனதும் ஐந்து நிமிடம் கரையில் நின்று தண்ணீரைக் கவனியுங்கள்.

வெயில் அடிக்கும், காற்று இருக்காது... கடல் மட்டும் பொங்கும்!

2024 மே 6 அன்று, கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே உள்ள லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி உயிரிழந்தார்கள். அந்த நாள்களில் 'கள்ளக்கடல்' எச்சரிக்கை அமலில் இருந்தது.

கள்ளனைப்போலச் சொல்லாமல் வருவதால் இந்தப் பெயர். தெற்கே பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் வீசும் புயல் காற்று எழுப்பும் நீண்ட அலைகள் சில நாள்கள் பயணம் செய்து நம் கரையைத் தொடும். நம் ஊரில் மழையும் இருக்காது, காற்றும் இருக்காது. வானத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஹைதராபாத்தில் உள்ள 'இன்காய்ஸ்' என்ற கடல்சார் தகவல் சேவை மையம்தான் இந்த எச்சரிக்கையை வெளியிடுகிறது. வெளியூர்க் கடற்கரைக்குச் சுற்றுலா கிளம்பும் அன்று காலையில் வானிலைச் செய்தியோடு இதையும் பார்த்துவிடுங்கள். அங்கே இருக்கும் மீனவர்கள் 'இன்னிக்கு இறங்காதீங்க' என்றால், மறுபேச்சு வேண்டாம்.

இழுத்துக்கொண்டு போனால் என்ன செய்வது?

* பதறாதீர்கள். இழுவை நீரோட்டம் கடலுக்குள் கொண்டுபோகுமே தவிர, ஆளை அடியில் அமுக்காது. கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைத்துப்போவதால்தான் பலர் மூழ்குகிறார்கள்.

* மல்லாந்து மிதந்தபடி ஒரு கையைத் தூக்கி உதவி கேளுங்கள்.

* நீச்சல் தெரிந்தால், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்துங்கள். இழுப்பு குறைந்ததும், அலை உடையும் பக்கமாகச் சாய்வாகக் கரைக்குத் திரும்புங்கள்.

காப்பாற்றக் குதிக்கலாமா?

பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்சில் ஒரு வெள்ளை நினைவு மண்டபம் இருக்கிறது. பல சினிமாக்களில் பார்த்திருப்போம். அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுப்பவர்களில் பலருக்கு அது யாருக்காகக் கட்டப்பட்டது என்று தெரியாது. டென்மார்க்கைச் சேர்ந்த ஷ்மிட் என்பவர், 1930 டிசம்பரில் அந்தக் கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய்த் தன் உயிரை விட்டார். அவர் நினைவாக எழுந்த மண்டபம் அது.

ஒருவரைக் காப்பாற்ற அடுத்தவர், அவரைக் காப்பாற்ற இன்னொருவர் என்று ஒரே குடும்பத்தில் பலர் போய்விடும் செய்திகள் இன்றும் வருகின்றன. கண் முன்னே பிள்ளை தத்தளிக்கும்போது எந்தத் தாய் தகப்பனும் யோசித்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். அதனால்தான் யோசிக்க வேண்டியதை வீட்டிலேயே யோசித்துவிட வேண்டும்.

உயிர்காப்பாளரையும் மீனவர்களையும் சத்தம் போட்டுக் கூப்பிடுங்கள். மிதக்கும் பொருள் எதுவானாலும் தூக்கிப் போடுங்கள். மூடி இறுக்கிய காலி வாட்டர் கேன்கூடப் போதும். துப்பட்டா, புடவை, கயிறு என எது கிடைத்தாலும் கரையில் நின்றே வீசுங்கள். தத்தளிப்பவர் மேல் வைத்த கண்ணை எடுக்காதீர்கள்.

கரைக்குக் கொண்டுவந்தவரின் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்க முயல வேண்டாம். மூச்சு இல்லையென்றால், பயிற்சி பெற்றவர் உடனே வாயோடு வாய் வைத்துச் செயற்கை சுவாசமும், மார்பை அழுத்தும் சி.பி.ஆர் முதலுதவியும் தர வேண்டும். வீட்டில் ஒருவராவது இதைக் கற்று வைத்திருப்பது நல்லது.

கொடி சொல்லும் சேதி

உயிர்காப்பாளர்கள் உள்ள கடற்கரைகளில் கொடி நட்டிருப்பார்கள். மேலே சிவப்பு, கீழே மஞ்சள் கொண்ட இரண்டு கொடிகளுக்கு நடுவே உள்ள பகுதியில் குளிக்கலாம். சிவப்புக் கொடி மட்டும் பறந்தால் இறங்கக் கூடாது. இரட்டைச் சிவப்பு என்றால் அந்தக் கடற்பகுதியே மூடப்பட்டிருக்கிறது. மெரினாவில் கடலில் குளிக்கத் தடை உள்ளதால், கொடி இல்லையே என்று அங்கே இறங்க வேண்டாம்.

இதையும் மறக்காதீங்க

* பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். 'நீ பார்த்துப்பேன்னு நினைச்சேன்' என்ற குழப்பம் வராமல், யார் பொறுப்பு என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

* இருட்டிய பிறகும், மது அருந்தியிருந்தாலும் தண்ணீர்ப் பக்கமே போக வேண்டாம்.

* அலைக்கு முதுகைக் காட்டி நின்று போட்டோ எடுக்காதீர்கள். பாறைகளிலும் தூண்டில் வளைவுக் கற்களிலும் ஏறாதீர்கள், பாசி வழுக்கும்.

* ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. சுண்டல் பேப்பரைக்கூடக் குப்பைத்தொட்டியில் போடுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் மணல் இது.

சேமித்து வைக்க வேண்டிய எண்கள்

அவசர உதவி - 112
ஆம்புலன்ஸ் - 108
கடலோரப் பாதுகாப்புக் குழுமம் - 1093
இந்தியக் கடலோரக் காவல்படை - 1554

இந்த ஞாயிற்றுக்கிழமை பீச்சுக்குப் போகிறீர்களா? சவுக்குத் தடுப்பு இருக்காது, மைக்கும் இருக்காது. கிளம்பும் முன் ஒரு பேனாவை எடுத்து, பிள்ளையின் கையில் உங்கள் செல் நம்பரை நீங்களே எழுதிவிடுங்கள். தண்ணீர் அருகே போனதும் அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.