வெளிநாட்டுச் சம்பளத்தை ரூபாயில் வைப்பதா, டாலரில் வைப்பதா? என்.ஆர்.இ., எஃப்.சி.என்.ஆர். கணக்குகள் - ஒரு விளக்கம்

மதுரையிலிருந்து சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் நேரடி விமானம் இருக்கிறது. மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி பக்கமிருந்து வேலைக்குக் கிளம்புகிறவர்கள் விசா, மெடிக்கல், டிக்கெட் என எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்க்கிறார்கள். ஊரில் இருக்கும் பேங்க் அக்கவுண்ட்டைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். ‘ஏ.டி.எம். கார்டு அம்மாகிட்ட இருக்கு, மாசாமாசம் அதுலயே போட்டுவிட்டா போச்சு’ என்று நினைத்தால், அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

பழைய சேவிங்ஸ் கணக்கு என்ன ஆகும்?

1999-ம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தை (ஃபெமா) பொறுத்தவரை, வேலைக்காக நாட்டைவிட்டுக் கிளம்பியதிலிருந்தே ஒருவர் ‘வெளிநாட்டில் வசிப்பவர்’ ஆகிவிடுகிறார். வருமான வரிக்குப் பார்க்கும் 182 நாள் கணக்கு வேறு, இது வேறு. எனவே பழைய சேவிங்ஸ் கணக்கை அப்படியே வைத்திருக்க முடியாது; வங்கியில் சொல்லி என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். ஃபெமா மீறலுக்குச் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

மூன்று கணக்கு, மூன்று வேலை

என்.ஆர்.ஓ.: ஊரில் வரும் வீட்டு வாடகை, டிவிடெண்ட், பென்ஷன் போன்றவற்றுக்கானது. ரூபாய் கணக்கு. வட்டிக்கு 30 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும் டி.டி.எஸ். பிடிப்பார்கள். வரி கட்டிய பிறகு ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு எடுத்துப்போகலாம்.

என்.ஆர்.இ.: வெளிநாட்டில் சம்பாதித்ததை அனுப்புவதற்கானது. இதுவும் ரூபாய் கணக்குதான். வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. அசல், வட்டி இரண்டையும் எப்போது வேண்டுமானாலும் திருப்பி எடுத்துப்போகலாம்.

எஃப்.சி.என்.ஆர்.: இதில் பணம் ரூபாயாக மாறுவதே இல்லை. டாலராகப் போட்டால் டாலராகவே வட்டி சேர்ந்து டாலராகவே திரும்பி வரும். 1 முதல் 5 ஆண்டு வரையிலான டெபாசிட் மட்டுமே; சேவிங்ஸ் கணக்குபோல எடுத்துச் செலவழிக்க முடியாது. ஓராண்டுக்கு முன்பே உடைத்தால் வட்டி கிடையாது. இதன் வட்டிக்கும் இந்தியாவில் வரி இல்லை.

வட்டி அதிகம், ஆனால் லாபம்?

என்.ஆர்.இ. டெபாசிட் வட்டி பொதுவாக எஃப்.சி.என்.ஆர். வட்டியைவிட அதிகம். அப்போ எதற்கு டாலரில் போட வேண்டும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

2018 தொடக்கத்தில் ஒரு டாலர் சுமார் 64 ரூபாய். 2023 தொடக்கத்தில் சுமார் 82 ரூபாய். அன்று ஒருவர் 10,000 டாலரை ரூபாயாக மாற்றி, 6.4 லட்சத்தை என்.ஆர்.இ. டெபாசிட்டில் 6.5 சதவீத வட்டிக்குப் போட்டதாக வைத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டில் அது சுமார் 8.77 லட்சம் ஆகியிருக்கும். நல்ல வளர்ச்சிதான். ஆனால், அதைத் திரும்ப டாலராக மாற்றினால் கிடைப்பது சுமார் 10,700. ஐந்து வருடக் காத்திருப்புக்கு 700 டாலர்.

அதே பணம் எஃப்.சி.என்.ஆரில் 3 சதவீத வட்டியில் இருந்திருந்தால் சுமார் 11,600 டாலர் ஆகியிருக்கும். ரூபாயில் சொன்னால் 9.5 லட்சம். பாதி வட்டிகூட இல்லாத டெபாசிட் முந்திவிட்டது.

காரணம் எளிது. இரண்டு டெபாசிட்டுக்கும் வட்டி வித்தியாசம் 3.5 சதவீதம். அந்த ஐந்து ஆண்டில் டாலர் விலை ஏறியதோ ஆண்டுக்குச் சுமார் 5 சதவீதம். வட்டி வித்தியாசத்தைவிட ரூபாய் வேகமாகச் சரிந்தால் எஃப்.சி.என்.ஆர். ஜெயிக்கும், மெதுவாகச் சரிந்தால் என்.ஆர்.இ. ஜெயிக்கும். அடுத்த ஐந்து ஆண்டு எப்படி இருக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

ரிஸ்க் யாருக்கு?

1975-ல் இந்த டெபாசிட் முதலில் வந்தபோது, ரூபாய் சரிந்தால் வரும் நஷ்டம் ரிசர்வ் வங்கியின் தலையில் விழுந்தது. 1993-ல் வந்த இன்றைய திட்டத்தில் அந்தப் பொறுப்பு வங்கிகளுடையது. 2013 ஆகஸ்ட்டில் டாலர் 68 ரூபாயைத் தாண்டிய பிறகு, ரகுராம் ராஜன் தலைமையிலான ரிசர்வ் வங்கி கைகொடுத்தது. வங்கிகள் திரட்டும் எஃப்.சி.என்.ஆர். டாலரை 3.5 சதவீதச் செலவில் மாற்றித் தருவதாக அறிவித்தது. நவம்பர் இறுதிக்குள் வந்து சேர்ந்தது சுமார் 2,600 கோடி டாலர். நாட்டுக்கே டாலர் தேவைப்படும்போது தட்டப்படும் கதவு இது.

வெளிநாட்டுப் பணத்துக்கென வங்கி என்பது இந்தப் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. அந்நியச் செலாவணியை மனதில் வைத்து மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களில் ஒரே நாளில் திறக்கப்பட்டது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

பணம் எங்கே செலவாகப்போகிறது என்பதுதான் முதல் கேள்வி. அப்பா அம்மா வீட்டுச் செலவு, ஹோம் லோன் இ.எம்.ஐ., ஒத்தக்கடையில் வாங்கிய மனையில் வீடு என்றால் என்.ஆர்.இ. வசதி. இன்னும் சில ஆண்டுகள் வெளிநாட்டிலேயே இருப்பீர்கள், பிள்ளை படிப்புக்கு டாலரே தேவை என்றால் எஃப்.சி.என்.ஆர். பொருத்தம். வளைகுடாவில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி: திர்ஹாம் 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 என்று நிலையாகக் கட்டப்பட்டிருப்பதால், டாலர் டெபாசிட் கிட்டத்தட்ட திர்ஹாம் டெபாசிட் மாதிரிதான்.

இரண்டு எச்சரிக்கைகள். வட்டிக்கு வரி இல்லை என்பது இந்தியாவில் மட்டும். அமெரிக்காவில் வசிப்பவர்கள் அங்கே கணக்குக் காட்ட வேண்டும். டெபாசிட் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரைதான். டாலர் டெபாசிட்டுக்கும் இதே வரம்புதான்.

ஊர் திரும்பினால்?

நிரந்தரமாகத் திரும்பியதும் வங்கியில் சொல்லிவிட வேண்டும். என்.ஆர்.இ. கணக்கு சாதாரணக் கணக்காக மாறும். எஃப்.சி.என்.ஆர். டெபாசிட்டை முதிர்வு வரை அதே வட்டியில் விட்டுவைக்கலாம். பிறகும் டாலராகவே வைத்திருக்க ஆர்.எஃப்.சி. என்ற கணக்கு இருக்கிறது. ஆனால் வரி விலக்கு காலத்துக்கும் தொடராது. வரிச் சட்டப்படி முழுமையாக ‘உள்நாட்டில் வசிப்பவர்’ ஆன ஆண்டிலிருந்து வட்டிக்கு வரி உண்டு. போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை - பேங்க்குக்குத் தகவல் சொல்ல வேண்டியது அந்த இரண்டு நாள்தான்.