பட்டத்தின் வகுப்பும் விண்ணப்பத்தின் வாய்மையும்

பட்டம் பெற்று உத்தியோகம் நாடுவோர் தம் சுயவிபரக் கோவையை எழுதப் புகும்போது, பெயர், பிறந்த திகதி, கற்ற கல்லூரி ஆகியவற்றைத் தடையின்றி எழுதிச் செல்வர். பட்டம் என்னும் இடத்துக்கு வந்ததும் சிலருடைய எழுதுகோல் தயங்கி நிற்கும். முதலாம் வகுப்பிற் சித்தியெய்தியவர்க்கு இத்தயக்கம் இல்லை. அவர் அதனைச் சற்றுப் பெரிய எழுத்திலே பொறித்தாலும் வியப்பதற்கில்லை. கீழ்ப்பிரிவிலோ, வகுப்பேதுமற்ற சாதாரண சித்தியிலோ நின்றவர்க்கே, வகுப்பைக் கூறுவதா, பட்டத்தை மட்டும் கூறி அமைவதா என்னும் வினா எழுகின்றது.

இவ்வினாவுக்கு மூலமாகிய வகுப்புமுறை இங்கிலாந்திலே தோன்றியது. கேம்பிரிட்ஜில் கணிதப் பரீட்சையிலே தேறினோரைத் தரவரிசையில் நிறுத்தும் வழக்கம் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே வேரூன்றிவிட்டது. ஒக்ஸ்போட் 1800ஆம் ஆண்டிற் சிறப்புப் பரீட்சையை வகுத்து, 1807இல் அதிலே தேறினோரை முதலாம், இரண்டாம் வகுப்பினராகப் பிரித்தது. 1921இற் கொழும்பிலே தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி இலண்டன் பட்டங்களுக்கே மாணவரை ஆயத்தஞ் செய்தமையால், அம்முறை இலங்கைக்கும் உரியதாயிற்று. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றிய பின்னரும் அது மாறவில்லை. இன்று இங்குள்ள பல்கலைக்கழகங்களிலே பொதுவாகத் தரப்புள்ளிச் சராசரி 3.70 உடையோர் முதலாம் வகுப்பினர், 3.30 உடையோர் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவினர், 3.00 உடையோர் கீழ்ப்பிரிவினர். 3.00 பெற்றவரும் 3.29 பெற்றவரும் ஒரே பெயரால் வழங்கப்பட, 3.29உம் 3.30உம் வெவ்வேறு உலகங்களாகிவிடுகின்றன. கீழ்ப்பிரிவினரின் மனக்குறைக்கு நியாயம் இல்லையென்று சொல்லிவிட முடியாது.

எனினும் குறையை மறைப்பதா, கூறுவதா என்பதற்கு ஆங்கிலக் கல்வி வரலாற்றிலே சிறந்ததோர் எடுத்துக்காட்டு உண்டு. ஏ. ஈ. ஹவுஸ்மன் என்பார் 1877இல் ஒக்ஸ்போட் சென் ஜோன்ஸ் கல்லூரியிற் புலமைப்பரிசில் பெற்றுச் சேர்ந்தவர். 1879இல் நடந்த முதற் பெரும் பரீட்சையிலே முதலாம் வகுப்பு அவருக்குக் கிடைத்தது. ஆயின் 1881இல் இறுதிச் சிறப்புப் பரீட்சையிலே அவர் எவ்வகுப்பும் பெறாது தவறினார். பாடத்திட்டத்திலிருந்த தத்துவத்தையும் வரலாற்றையும் புறக்கணித்து, புரொப்பெர்ட்டியஸ் என்னும் இலத்தீன் கவிஞரின் நூற்பாடங்களை ஆராய்வதிலே காலத்தைச் செலவிட்டமையும் அதற்கொரு காரணம் என்பர். பின்னர்ச் சாதாரணப் பட்டத்துக்கு வேண்டிய பரீட்சைகளிலே தேறி, 1882இல் இலண்டனிலே புதுக்கண்டுபிடிப்புகளின் உரிமைகளைப் பதியும் அரசாங்கக் காரியாலயத்தில் எழுதுவினைஞராய் அமர்ந்தார். பகலெல்லாம் காரியாலயம், மாலையிற் பிரித்தானிய நூதனசாலையின் வாசிகசாலை. இவ்வாறு பத்தாண்டுகள் கழிந்தன. அக்காலத்திலே கிரேக்க, இலத்தீன் நூல்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைகள் ஆராய்ச்சி வெளியீடுகளிலே ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

1892இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலே இலத்தீன், கிரேக்கப் பேராசிரியப் பதவிகள் வெற்றிடமாயின. ஹவுஸ்மன் விண்ணப்பித்தார். அவ்விண்ணப்பத்திலே தாம் 1881இன் இறுதிப் பரீட்சையிற் சிறப்புச் சித்தி பெறத் தவறியமையை அவரே வெளிப்படையாக எழுதினார். காரணம் கூறவில்லை, இரக்கம் கோரவுமில்லை. தவறியதை ஒரே வாக்கியத்திலே சொல்லிவிட்டு, அதன் பின்னர்ச் செய்தவற்றைச் சொன்னார். அறிஞர் பலரின் நற்சாட்சிப் பத்திரங்களையும் சேர்த்தனுப்பினார். இலத்தீன் பேராசிரியப் பதவி அவருக்கே கிடைத்தது.

அவ்வாக்கியத்தை அவர் எழுதாது விட்டிருந்தால் யாது நிகழ்ந்திருக்கும்? 1879இன் முதலாம் வகுப்பைக் கண்ட தெரிவுக் குழுவினர், அடுத்து வரவேண்டிய 1881ஐத் தேடியிருப்பர். ஒக்ஸ்போட் முறையை அறிந்தோர்க்கு அவ்வெற்றிடமே பெருங்குரலாய் ஒலித்திருக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் முயற்சியாகவே அது முடிந்திருக்கும். எல்லோரும் ஹவுஸ்மன் அல்லர் என்பது உண்மையே. பத்தாண்டு மாலைப்பொழுதுகளின் விளைவு கையிலே இருந்தமையாலேயே அவரால் அவ்வளவு சுருக்கமாக எழுத முடிந்தது.

இக்காலப் பட்டதாரியின் நிலையும் இதிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று. விரிவுரையாளர் பதவி போன்று வகுப்பையே தகுதியாகக் கேட்கும் இடங்களிலே தெரிவுக்கு இடமில்லை. பெறுபேற்றுப் பத்திரமும் உடன் செல்லுமாதலின், மறைத்தல் வீண். வகுப்புக் கேட்கப்படாத இடங்களிலோ, அண்மையிலே வெளியேறிய ஒருவர் அதனைக் கூறாது விடின், வாசிப்பவர் மிகத் தாழ்ந்ததையே ஊகித்துக்கொள்வர். கீழ்ப்பிரிவு பெற்றவர் தம் மௌனத்தாலே தம்மை வெறுஞ் சித்தியாளராக்கிக் கொள்கின்றார். கூறுதலே அவருக்கு இலாபம்.

கூறும்போது அரைகுறையாகக் கூறுதல் நன்றன்று. ‘இரண்டாம் வகுப்பு’ என்று மட்டும் எழுதிப் பிரிவை விழுங்கிவிடுவோர் உளர். அது பொய்யன்று, ஆயினும் மேற்பிரிவினர் எவரும் அவ்வாறு எழுதுவதில்லை என்பதை விண்ணப்பங்களை வாசித்துப் பழகியவர் அறிவர். நேர்முகப் பரீட்சையிலே முதல் வினா அதுவாகவே இருக்கும். கீழ்ப்பிரிவை மேற்பிரிவென எழுதுவதோ வேறு வகையானது. மூலச் சான்றிதழ் ஒருநாட் கேட்கப்படும். அன்று நியமனமும் போகும், பெயரும் போகும். வகுப்புமுறை வழங்காத நாடுகளுக்கு விண்ணப்பிப்போர் சராசரியையும், அது எத்தனைக்கு எத்தனை என்பதையும் எழுதுதல் வேண்டும். அங்கே ‘மேற்பிரிவு’ என்னுஞ் சொல்லுக்குப் பொருள் விளங்காது.

வகுப்பின் மதிப்பும் முன்போல் இல்லை. இங்கிலாந்திலே 2010–11இல் நூற்றுக்குப் பதினாறு பேரளவிலே முதலாம் வகுப்புப் பெற, பத்தாண்டிலே அத்தொகை மூன்றிலொரு பங்கைத் தாண்டியது. ஏர்ன்ஸ்ட் அன்ட் யங் என்னும் கணக்காய்வு நிறுவனம் தன் பிரித்தானியக் கிளைகளுக்கு ஆட்சேர்ப்பதில் வகுப்பு நிபந்தனையைக் கைவிடுவதாக 2015இல் அறிவித்தது. பிறைஸ் வோட்டர்ஹவுஸ் கூப்பர்ஸ் 2022இல் மேற்பிரிவு நிபந்தனையை நீக்கியது. கீழ்ப்பிரிவினர் அஞ்சி ஒதுங்க வேண்டிய வாயில்கள் குறைந்துவருகின்றன.

பத்துப் பதினைந்து ஆண்டு தொழில் பார்த்தவர் வகுப்பை எழுதாது விட்டால் அதனை எவரும் மறைப்பென்று கொள்ளார். 1911இற் கேம்பிரிட்ஜ் ஹவுஸ்மனை இலத்தீன் பேராசிரியராக ஏற்றபோது, அவருக்காகப் பேசுவதற்குப் பத்தொன்பதாண்டுப் பேராசிரியப் பணியும் பதிப்பித்த நூல்களும் இருந்தன. புதிய பட்டதாரிக்கு அவை இல்லை. அவர் ‘கலைமாணி, சிறப்பு, வரலாறு, இரண்டாம் வகுப்பு கீழ்ப்பிரிவு’ என ஒரே வரியில் எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே தம் ஆய்வுக் கட்டுரையின் தலைப்பையும், அதன் கீழே தாம் கற்பித்த வகுப்புக்களையோ செய்த வேலையையோ எழுதலாம்.