முதல் கீறல் எதற்காக?

ஜொகூரில் மறுபிள்ளை உண்டாகியிருக்கும் பெண் தாய்சேய் கிளினிக்கில் தன் ரோஸ் நிறப் புத்தகத்தை நீட்டியதும், முந்தைய பிரசவம் எப்படி என்று மிஸ்ஸி கேட்பார். "ஆபரேஷன்" என்று பதில் வந்தால், அந்தக் கர்ப்பத்தை மருத்துவர்கள் பார்க்கும் விதமே மாறிவிடுகிறது. சிசேரியன் ஏன் இவ்வளவு பெருகிவிட்டது என்ற கேள்விக்குப் பாதி விடை இங்கேதான் இருக்கிறது. ஒரு சிசேரியன் அடுத்த சிசேரியனைப் பெரும்பாலும் தன்னோடு அழைத்து வருகிறது.

மலேசிய அரசு மருத்துவமனைகளில் 2000ஆம் ஆண்டில் 10.5 விழுக்காடாக இருந்த சிசேரியன், 2006இல் 15.7 ஆக உயர்ந்தது. அதே ஆண்டில் சபாவில் 10.9, நம் மூவாருக்கு அடுத்திருக்கும் மலாக்காவிலோ 25.4. இரண்டு மாநிலப் பெண்களின் உடற்கூறு இரண்டு மடங்குக்கு மேல் வேறுபட வழியில்லை. அறுவை அரங்கு எவ்வளவு அருகில் இருக்கிறது, மருத்துவமனையின் பழக்கம் என்ன, மருத்துவர் எதுவரை காத்திருக்கத் துணிகிறார் என்பவைதான் வேறுபடும். குறைந்த எண்ணைப் பார்த்து உடனே கைதட்டிவிடவும் முடியாது. தேவைப்பட்டவர் நேரத்துக்கு மருத்துவமனை வந்து சேராவிட்டாலும் எண் குறையும்.

தமிழ்நாட்டின் கணக்கு இன்னும் மலைக்க வைக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி அங்கே 44.9 விழுக்காடு பிரசவங்கள் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36, தனியாரில் 63.8.

எவ்வளவுதான் சரி? 10 முதல் 15 விழுக்காட்டுக்கு மேல் போக நியாயமில்லை என்று 1985இல் உலகச் சுகாதார நிறுவனம் சொன்னது. 2015இல் அதே நிறுவனம், ஒரு நாட்டின் விகிதம் 10ஐத் தாண்டிய பிறகு தாய்சேய் மரணம் மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்றது. எண்ணைத் துரத்தாமல், தேவைப்படும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அறுவை கிடைக்கச் செய்யுங்கள் என்றும் சேர்த்துக்கொண்டது.

சில காரணங்களில் வாதமே கிடையாது. நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடிக்கிடப்பது, பிரசவ நேரத்தில் பிள்ளை குறுக்கே கிடப்பது, பிள்ளைக்கு முன்னால் தொப்புள்கொடி நழுவி வருவது போன்றவை அவை. இங்கே கத்தி உயிர் காக்கிறது. சிக்கல் எழுவது "வலி வந்தும் வாய் திறக்கவில்லை", "பிள்ளையின் இதயத்துடிப்பு சரியில்லை" என்னும் இரண்டு காரணங்களில்தான். மணிக்கு 1 சென்டிமீட்டர் திறக்க வேண்டும் என்ற பழைய விதி எல்லாப் பெண்களுக்கும் பொருந்தாது என்று 2018இல் உலகச் சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. 5 சென்டிமீட்டர் வரை பிரசவம் மெதுவாகவே நகரலாம். இதயத்துடிப்பை இடைவிடாமல் பதியும் கருவியும் சிசேரியனைக் கூட்டுகிறது. மூளைவாதத்தைக் குறைப்பதாகத் தெரியவில்லை.

நம் இனத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. மலேசியாவின் 2019 தேசிய ஆய்வில் இந்தியப் பெரியவர்களில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. எல்லா இனத்தையும்விட இதுவே அதிகம். கர்ப்பகாலச் சர்க்கரை கட்டுப்படாவிட்டால் பிள்ளை பெருத்துவிடலாம், பிரசவத்தில் தோள் சிக்கலாம். ஆனாலும் சர்க்கரை என்ற ஒரே காரணத்துக்காக வயிற்றைக் கீற வேண்டியதில்லை. நல்ல நட்சத்திரம் பார்த்து நேரம் குறித்துக்கொண்டு ஆபரேஷனுக்குப் போவது பற்றி என்ன சொல்ல! நாள் நல்லதாக இருக்கலாம், 39 வாரம் நிறையாத பிள்ளையின் நுரையீரலுக்கு அது தெரியாது.

முதல் அறுவையைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணம் அது விட்டுச்செல்லும் தழும்பு. அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி கருப்பையின் கீழ்ப்பகுதியில் அந்தத் தழும்பின் மேல் அமர்ந்தால், கருப்பைச் சுவரோடு ஒட்டி வளர்ந்துவிடக்கூடும். நஞ்சுக்கொடி கீழே அமர்ந்து கருப்பை வாயை மூடியவர்களில், முன்பு ஒரு சிசேரியன் கண்டவர்களுக்கு இந்த ஆபத்து 11 விழுக்காடு, இரண்டு கண்டவர்களுக்கு 40, மூன்று கண்டவர்களுக்கு 61 என்று ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு கண்டது. சிலருக்குக் கருப்பையையே எடுக்க நேரிடுகிறது.

ஆனால் ஒருமுறை ஆபரேஷன் என்றால் மறுமுறையும் ஆபரேஷன்தான் என்பது கட்டாயமில்லை. கீழ்ப்பக்கக் குறுக்குக் கீறல் ஒன்று மட்டுமே இருந்து, வேறு தடையும் இல்லாமல் சுகப்பிரசவத்துக்கு முயல்பவர்களில் நான்கில் மூவர் வெற்றி பெறுகிறார்கள். தழும்பு பிளக்கும் ஆபத்து சுமார் 200இல் ஒன்று. குறைவுதான், ஆனால் நேர்ந்துவிட்டால் நிமிடக் கணக்கில் அறுவை அரங்கு வேண்டும், இரத்தம் வேண்டும். அதனால் ஜொகூர் பாருவின் சுல்தானா அமினா போன்ற பெரிய மருத்துவமனைதான் இதற்கு ஏற்ற இடம். மெர்சிங் பக்கம் இருப்பவர்கள் தேதி நெருங்குமுன்பே குளுவாங்கிலோ ஜொகூர் பாருவிலோ உறவினர் வீட்டுக்கு வந்துவிடுவது நல்லது.

ஆகவே ஆபரேஷன் ஆகி வீடு திரும்பும் ஒவ்வொரு தாய்க்கும், உடன் போகும் கணவருக்கும், மாமியாருக்கும் ஒரு வேண்டுகோள். எதற்காகக் கீறினார்கள், கருப்பையில் எந்தப் பக்கம் கீறினார்கள், அடுத்த முறை சுகப்பிரசவத்துக்கு முயலலாமா என்ற மூன்றையும் கேட்டு எழுதி வாங்கி, ரோஸ் புத்தகத்தோடு பத்திரப்படுத்துங்கள்.