சொல்லத் தெரிந்தால் பாதி வைத்தியம்

தாம்பரத்தில் ரயில் ஏறி கடற்கரைப் பக்கம் போனால் அடுத்த ஸ்டேஷன் சானடோரியம். 1928-ல் டாக்டர் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காக அங்கே ஒரு ஆரோக்கிய நிலையம் ஆரம்பித்தார். அதனால் வந்த பெயர். ஒரு இங்கிலீஷ் வைத்தியச் சொல் நமக்கு ஊர்ப் பெயராகவே ஆகிவிட்டது பாருங்கள்!

அதேபோல 'வாமிட்', 'லூஸ் மோஷன்', 'கேஸ்' எல்லாம் நம் சமையலறை வரை வந்துவிட்டன. பள்ளிப் படிப்போடு நின்றவர்களும் தாராளமாகப் பேசுகிறோம். ஆனால் குழந்தையின் இங்கிலீஷ் மீடியம் ஸ்கூலிலிருந்து போன் வரும்போதும், மகளின் பிரசவத்துக்கு வெளிநாடு போன இடத்தில் நர்ஸ் கேள்வி கேட்கும்போதும் சரியான சொல் கைகொடுக்க வேண்டாமா?

வயிற்றுச் சங்கதி

'சிக்' என்றால் உடம்பு சரியில்லை என்பது தெரியும். ஆனால் 'ஃபீலிங் சிக்' என்று சொன்னால் பல சமயம் குமட்டல் என்றே அர்த்தம். லண்டன்காரர்கள் "குழந்தை ராத்திரி இரண்டு தடவை சிக்" என்றால், இரண்டு தடவை வாந்தி எடுத்தது என்று பொருள். அமெரிக்காவில் அதையே 'த்ரோ அப்' என்பார்கள்.

நம்முடைய 'லூஸ் மோஷன்' அமெரிக்காவில் பலருக்குப் புரியாது. 'டயரியா' என்று சொல்லிவிடுங்கள். 'மோஷன் சிக்னெஸ்' என்பது அதுவல்ல. மலைப் பாதையில் பஸ்ஸில் போகும்போது வயிற்றைப் புரட்டுமே, அது! இரண்டையும் மாற்றிச் சொன்னால் மருந்தும் மாறிப்போகும்.

எது நிஜமாக நோய்?

'சிக் அண்ட் டயர்ட்', 'ஃபெட் அப்' இரண்டும் நோயல்ல. "போதும்டா சாமி" என்கிற சலிப்பு. 'இட் மேக்ஸ் மீ சிக்' என்பது பெரும்பாலும் அருவருப்பு. நாமும் "அவன் பேச்சைக் கேட்டாலே குமட்டுது" என்கிறோமே! 'டிஸ்கஸ்ட்' என்ற சொல்லே ருசி என்பதற்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். எந்த ஊரானாலும் வெறுப்பு வயிற்றில்தான் தெரிகிறது.

இன்னொரு வேடிக்கை. தமிழில் சளி நம்மைப் பிடிக்கும். இங்கிலீஷிலோ நாம் போய்ச் சளியைப் பிடிக்கிறோம், 'கேட்ச் எ கோல்டு'! தலைவலி மட்டும் இரண்டிலும் ஒன்றுதான். நமக்கு மண்டை பிளக்கும். அவர்களுக்கு 'ஸ்ப்ளிட்டிங் ஹெட்ஏக்'.

மயக்கம் எந்த மயக்கம்?

நம் ஆட்கள் எல்லாவற்றுக்கும் "மயக்கமா வருது டாக்டர்" என்பார்கள். தலை சுற்றினால் 'கிடினெஸ்'. கண் இருட்டி, நினைவு தப்பி விழுந்தால் 'ஃபெயின்ட்'. டாக்டர் முதலில் பிரித்துப் பார்ப்பது இதைத்தான். தமிழிலேயே "சுத்துது", "நினைவு தப்பிடுச்சு" என்று தனித்தனியாகச் சொன்னால் போதும்.

'கேஸ்' என்று சொல்லும் முன்

நெஞ்சை அடைத்தால் "ஒண்ணுமில்லே, கேஸ்" என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறோம். பெண்களுக்கு மாரடைப்பு சில சமயம் பெரிய நெஞ்சுவலி இல்லாமலே வரும். மூச்சு வாங்கல், வியர்வை, குமட்டல், தாடை அல்லது முதுகு வலி, அசாதாரணக் களைப்பு என்று காட்டும். அப்போது நோய்க்கு நாமே பெயர் வைக்காமல், உடம்பு என்ன செய்கிறது என்பதைச் சொல்லி 108-ஐக் கூப்பிடுங்கள்.

டாக்டரிடம் போகுமுன் ஐந்து விஷயங்களை மனதில் குறித்துக்கொள்ளுங்கள்: எங்கே, எப்போதிலிருந்து, எத்தனை தடவை, எப்படிப்பட்ட வலி, கூடவே வேறென்ன. வலி குத்துகிறதா, குடைகிறதா, எரிகிறதா, இழுத்துப் பிடிக்கிறதா என்று சொல்ல நம் மொழியில் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால், கடைசியாக ஒன்றுக்குப் போய் எவ்வளவு நேரமாயிற்று என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். உடம்பில் நீர் வற்றுகிறதா என்பதற்கு அது முக்கியமான அடையாளம்.

"என்னமோ மாதிரி இருக்கு" என்பதை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள், சகோதரிகளே!