தாயைக் காக்கும் இரு மருந்துகள்

பிரசவத்தில் தாய்மார் உயிரிழப்பதற்கு முதன்மையான காரணங்களுள் இரண்டு, பிள்ளை பிறந்த பின் நிற்காத இரத்தப் போக்கும், இரத்த அழுத்தம் மிகுந்து வரும் வலிப்பும் ஆகும். இரண்டிற்கும் மருந்து உண்டு. விலை மிகுந்ததும் அன்று. ஆயினும் மருந்து இருந்தால் மட்டும் போதாது. அதைக் காக்கும் முறையும் இடும் அளவும் தவறக்கூடாது. இது செவிலியர் கற்கும் பாடமே எனினும், ஊராட்சி உறுப்பினர்க்கும் குடும்பத்தார்க்கும் இதில் பங்கு உண்டு.

முதலாவது மருந்து ஆக்சிடோசின். குழந்தை பிறந்த ஒரு நிமிடத்திற்குள், வயிற்றில் மற்றொரு குழந்தை இல்லை என்று உறுதி செய்துகொண்டு, 10 யூனிட் அளவு தசையில் ஊசியாகச் செலுத்துவர். கருப்பை இறுகிச் சுருங்கி, திறந்துள்ள இரத்தக் குழாய்களை அழுத்தி மூடுகிறது. இம்மருந்தை 2 முதல் 8 டிகிரி சென்டிகிரேடு குளிரில் வைத்துக் காத்தல் வேண்டும்.

கட்டுமாவடியில் இதை விளக்குவது எளிது. கரைக்கு வந்த மீன் ஐஸ் இல்லாமல் கிடந்தால் செவுளின் நிறமும் வாடையும் காட்டிக் கொடுத்துவிடும். சந்தைக்கு வருவோர் ஏமாறமாட்டார். வெப்பத்தில் கிடந்த ஆக்சிடோசினோ தெளிந்த நீர் போலவே இருக்கும். வீரியம் மட்டும் குறைந்திருக்கும். செவிலியர் காலத்தில் ஊசி போட்டும் இரத்தம் நிற்கவில்லையெனில், குறை அவர் கையில் இல்லாமல் குப்பியில் இருக்கவும் கூடும். அப்படியானால் மீன் பெட்டியில் ஐஸுக்குள் புதைத்து வைக்கலாமே எனக் கேட்போர் உண்டு. அதுவும் ஆகாது, மருந்து உறைந்துபோகலாகாது.

2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் கரை கடந்தபின் நம் மாவட்டத்துக் கிராமங்கள் பல, நாட்கணக்கில் மின்சாரமின்றி இருந்ததை நாம் மறந்திருக்க முடியாது. வருங்காலப் புயலுக்கு முன்பே, ஆரம்ப சுகாதார நிலையத்துக் குளிர்பெட்டிக்கு ஜெனரேட்டர் உண்டா, அதற்கு டீசல் இருக்கிறதா, காலையும் மாலையும் வெப்பநிலை குறிக்கும் ஏடு எழுதப்படுகிறதா என்று உறுப்பினர்கள் நேரிற் சென்று விசாரித்தல் நன்று.

விவசாயிகள் இம்மருந்தை வேறு வகையிலும் அறிவர். பால் சுரக்க மாட்டிற்குச் சிலர் போடும் ஊசி இதுவே. அத்தவறான உபயோகத்தைத் தடுக்க 2018இல் மத்திய அரசு, உள்நாட்டுத் தேவைக்காகத் தனியார் இதை உற்பத்தி செய்வதற்குத் தடை விதித்தது. அதே ஆண்டு டிசம்பரில் டில்லி உயர் நீதிமன்றம் அத்தடையை நீக்கிற்று. மனிதரிடத்தும் தவறான உபயோகம் உண்டு. வலி மெதுவாக வருகிறதென்று, “வலிக்கு ஒரு ஊசி போடுங்களம்மா” என உறவினர் செவிலியரை நெருக்குகின்றனர். குழந்தை பிறக்குமுன் மருத்துவர் மேற்பார்வையின்றி இதைப் போட்டால் கருப்பை கிழியலாம். குழந்தைக்கு மூச்சு முட்டலாம். செவிலியர் மறுப்பது அலட்சியமன்று. அவர் கற்ற பாடம் அதுவே.

இரண்டாவது மக்னீசியம் சல்பேட். தென்னைக்கு இடும் உரத்தின் பெயரும் இதுவே. ஆனால் ஊசி மருந்து தனியே தூய்மையாகச் செய்யப்படுவது. 33 நாடுகளில் சுமார் 10,000 பெண்களிடம் நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வில், இது வலிப்பு வரும் அபாயத்தைப் பாதிக்கு மேல் குறைத்தது. 50 விழுக்காட்டுக் கரைசலில் 2 மில்லி லிட்டருக்கு 1 கிராம் மருந்து. கிராமையும் மில்லி லிட்டரையும் மாற்றி எண்ணினால் அளவு பாதியாகும், அல்லது இரட்டிக்கும். மிகுந்தால் மூச்சே நின்றுவிடும். ஆகவே அடுத்த வேளை மருந்துக்கு முன், முழங்காலைத் தட்டினால் கால் அசைகிறதா, மூச்சு நிமிடத்திற்கு 16க்குக் குறையாமல் உள்ளதா, சிறுநீர் மணிக்கு 30 மில்லி லிட்டரேனும் இறங்குகிறதா என்று பார்ப்பர். மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட்டும் அருகில் இருக்க வேண்டும்.

கர்ப்பிணிக்குக் கடுந்தலைவலி, கண் மங்கல், முகவீக்கம், மேல்வயிற்று வலி கண்டால் மந்திரிக்கக் காத்திராமல் 108ஐ அழைக்க வேண்டும். முதல் ஊசி போட்டபின் அறந்தாங்கிக்கோ புதுக்கோட்டைக்கோ அனுப்ப நேர்ந்தால், மருந்தின் பெயர், அளவு, போட்ட நேரம் மூன்றையும் எழுதிய சீட்டு இல்லாவிடில், அங்குள்ளோர் அதே மருந்தை மீண்டும் போட நேரலாம். அவசரத்தில் சீட்டை மறப்பது எங்கும் உள்ளதே. உடன் செல்லும் தாயாரோ கணவரோ அதைக் கேட்டு வாங்கி, மடியில் முடியாமல் கையிலேயே வைத்திருந்து, மருத்துவரைக் கண்டவுடன் நீட்ட வேண்டும்.